சர்க்கரை மோனோமர் முரண்டு பிடிக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

சர்க்கரையில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் பொருத்தி, அதைப் பாலிமராக்குவது தாளில் எழுதும்போது மூன்றே வரி. குடுவையில் அப்படி இருப்பதில்லை. சாதாரண மெத்தில் மெத்அக்ரிலேட்டில் ஒருவர் கற்றுக்கொண்ட பழக்கங்கள் இங்கே பாதிதான் உதவும். காரணம், சர்க்கரையின் ஹைட்ராக்சில் குழுக்கள். ஒரு குளுக்கோஸில் அவை ஐந்து. எதில் மெத்அக்ரிலேட் (இரட்டைப் பிணைப்பைத் தாங்கிய குழு) ஏறுகிறது, எது மூடியிருக்கிறது, எது திறந்துகொண்டது என்பதுதான் பின்னால் வரும் பெரும்பாலான தொல்லைகளின் வேர். பாலிமரில் கோளாறு தெரிந்தால் முதலில் மோனோமரின் என்.எம்.ஆரை, அதாவது ஒவ்வொரு வகை ஹைட்ரஜனையும் ஓர் உச்சியாகக் காட்டும் வரைபடத்தை, திரும்ப எடுத்துப் பாருங்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அங்கேயே பிடிபட்டுவிடும்.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு வழிகளை வைத்துக்கொள்வோம். முதலாவது, பாதுகாத்த வழி: குளுக்கோஸை அசிட்டோனோடும் அமிலத்தோடும் கலக்கி டைஅசிட்டோன் குளுக்கோஸ் ஆக்குவது. மற்ற ஹைட்ராக்சில்களை அசிட்டோன் மூடிவிடும், மூன்றாம் கார்பனில் மட்டும் ஒரு ஹைட்ராக்சில் மிஞ்சும். அதில் மெத்அக்ரிலிக் அன்ஹைட்ரைடு கொண்டு, பிரிடினில், 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் மெத்அக்ரிலேட் ஏற்றுவது. பாலிமராக்கிய பிறகு அமிலத்தால் அசிட்டோன் மூடிகளைக் கழற்றுவது. 1998இல் ஓனோ, சுஜீ, ஃபுகுடா ஆகியோர் ஏ.டி.ஆர்.பி. (தாமிரத்தைக் கொண்டு சங்கிலி வளர்வதைக் கட்டுப்படுத்தும்) முறையில் பாலிமராக்கியது இந்த மோனோமரைத்தான். இரண்டாவது, நேர் வழி: குளுக்கோனோலாக்டோனை அமினோஎத்தில் மெத்அக்ரிலேட்டோடு சேர்த்து குளுக்கோனமைடு மெத்அக்ரிலேட் செய்வது. 2003இல் நரேன், ஆர்ம்ஸ் இருவரும் காட்டிய இந்த வழியில் மூடியும் இல்லை, கழற்றலும் இல்லை. வேறு தொல்லைகள் உண்டு.

கரைப்பானை ஆவியாக்கும்போதே மோனோமர் கெட்டியாகிறது

பாதுகாத்த வழியில் வினை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி மிச்ச அன்ஹைட்ரைடை அழித்து, பெட்ரோலியம் ஈத்தரில் பிரித்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் கழுவுவோம். மெத்அக்ரிலிக் அமிலம் போவதற்காகத்தான் கழுவுகிறோம். ஆனால் தானாகப் பாலிமராகாமல் இருக்க அன்ஹைட்ரைடில் சேர்த்து வந்த தடுப்பானும் ஒரு ஃபீனால்தானே, காரத்தில் அதுவும் கரைந்து போய்விடும். அப்புறம் தடுப்பானே இல்லாத மோனோமரை ரோட்டாவேப்பரில் 60 டிகிரியில் சுற்றவிட்டால் அது கெட்டியாவதில் வியப்பில்லை.

கழுவி முடித்ததும், ஆவியாக்கும் முன், சிட்டிகை ஹைட்ரோகுவினோன் மோனோமெத்தில் ஈத்தர் போடுங்கள். தண்ணீர்த் தொட்டி 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். வெற்றிடத்தில் வடிப்பதாக இருந்தால் ஃபீனோதயசின் நல்லது, அது ஆக்சிஜன் இல்லாமலும் வேலை செய்யும். ஃபீனால் வகைத் தடுப்பான்களுக்கு ஆக்சிஜன் துணை வேண்டும். அதனால் குளிர்பெட்டியில் சேமிக்கும் மோனோமர் பாட்டிலில் நைட்ரஜன் நிரப்பி மூடுவது, நல்லது செய்வதாக நினைத்துத் தடுப்பானின் கையைக் கட்டிவிடுவது போல. பாட்டிலில் கொஞ்சம் காற்று இருக்கட்டும்.

பாலிமராக்கல் தொடங்கவே இல்லை

மணிக்கணக்கில் சூடாக்கியும் கரைசல் தண்ணீராகவே இருக்கிறது. என்.எம்.ஆரில் 5.6, 6.1 பி.பி.எம். இடங்களில் இரட்டைப் பிணைப்பின் உச்சிகள் அப்படியே நிற்கின்றன. வழக்கமான குற்றவாளிகள் இரண்டு: ஆக்சிஜன், தடுப்பான்.

ஆக்சிஜனுக்கு: உறைய வைத்து, வெற்றிடம் இழுத்து, உருக வைப்பதை மூன்று சுற்று செய்யுங்கள். வெறுமனே நைட்ரஜன் குமிழி விடுவதென்றால் ஊசி கரைசலுக்குள் இருக்க வேண்டும். மேலே காற்றுப்பகுதியில் ஊசியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பவர்களை ஆய்வகத்துக்கு ஒருவராவது பார்க்கலாம். சர்க்கரைக் கரைசல் பாகு போலக் கெட்டியாக இருந்தால் குமிழி சரியாகக் கலக்காது, நேரம் கூட்டுங்கள்.

தடுப்பானுக்கு: பாதுகாத்த மோனோமரை டொலுயீனில் கரைத்து, சிறிய கார அலுமினா காலம் வழியாக விடுங்கள். நேர் வழி மோனோமருக்கு இது ஒத்துவராது, ஹைட்ராக்சில்கள் அலுமினாவில் ஒட்டிக்கொள்ளும். அதை ஐசோபுரொப்பனாலில் மறுபடி வீழ்படிவாக்கினால் போதும்.

பிறகு துவக்கி, அதாவது சூட்டில் உடைந்து ரேடிகல் தந்து சங்கிலியைத் தொடங்கும் பொருள். ஏ.ஐ.பி.என். என்ற அசோ துவக்கி டொலுயீனில் 65 டிகிரியில் பத்து மணி நேரத்தில் பாதியாகும். 50 டிகிரியில் வைத்துவிட்டு மாலைக்குள் பாலிமர் எதிர்பார்ப்பது பேராசை. தண்ணீரில் ராஃப்ட் (ஒரு கந்தகச் சேர்மத்தால் சங்கிலி நீளத்தைக் கட்டுப்படுத்தும் ரேடிகல் முறை) செய்ய, கரையக்கூடிய கார்பாக்சிலிக் அமில அசோ துவக்கியை எடுத்து 70 டிகிரியில் ஓட்டுவது வழக்கம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால், இரட்டைப் பிணைப்பின் வகையையே பாருங்கள். அல்லைல் குளுக்கோசைடு செய்வது எளிது, மலிவு. அதனால் பலர் அதில் தொடங்குகிறார்கள். ஆனால் வளரும் ரேடிகல், பக்கத்து மோனோமரின் அல்லைல் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. அப்போது பிறக்கும் ரேடிகல் மிக நிலையானது, புதுச் சங்கிலியைத் தொடங்காது. எவ்வளவு துவக்கி போட்டாலும் குட்டைச் சங்கிலிகள்தான் வரும், மோனோமர் பாலிமராவதும் பாதியில் நிற்கும். அதைத் தனியே பாலிமராக்க முயலாதீர்கள், அக்ரிலமைடோடு கூட்டுப் பாலிமராக்குங்கள். 1970களிலேயே லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) ஆய்வாளர்கள் அல்லைல் கிளைக்கோசைடை அப்படித்தான் பயன்படுத்தினார்கள். சர்க்கரை வளையத்துக்குள்ளேயே இரட்டைப் பிணைப்பு உள்ள குளுக்கால் வகைகளும் இதே போலத்தான். தனியாக ரேடிகலில் வளராது, மலேயிக் அன்ஹைட்ரைடு மாதிரி எலக்ட்ரான் குறைந்த துணை வேண்டும்.

பாதி வழியில் ஜெல்லாகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில், அது உண்மையான ஜெல்லா என்று தெரிய வேண்டும். ஹைட்ராக்சில் நிறைந்த பாலிமர்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஜெல் போல நடிக்கும். ஒரு துண்டை லித்தியம் புரோமைடு சேர்த்த டி.எம்.எஃப். அல்லது டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் இரவு முழுக்க ஊற வையுங்கள். கரைந்தால் நடிப்பு. ஊதிப் பெருத்து அப்படியே நின்றால் குறுக்குப் பிணைப்பு, காப்பாற்ற வழியில்லை.

குறுக்குப் பிணைப்பு எங்கிருந்து வந்தது? ஒரு சர்க்கரையில் இரண்டு மூன்று மெத்அக்ரிலேட் ஏறியிருக்கிறது. பாதுகாத்த வழியில் இதற்கு ஒரு தனிப் பாதை உண்டு. டைஅசிட்டோன் குளுக்கோஸின் 5,6 மூடி, 1,2 மூடியைவிட எளிதில் கழலும். செய்த சரக்கில் அமிலத்தடம் இருந்து, ஈரமும் சேர்ந்தால், மெல்ல மோனோஅசிட்டோன் குளுக்கோஸ் உருவாகும். அதில் மூன்று ஹைட்ராக்சில். மூன்றிலும் மெத்அக்ரிலேட் ஏறலாம்.

இதன் சூழ்ச்சி, பொருள்களைத் தகட்டில் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி.யில் தெரியும், அல்லது தெரியாமல் போகும். மோனோஅசிட்டோன் குளுக்கோஸ் முனைவுத்தன்மை கூடியது, தகட்டில் கீழே தங்கும், எளிதாகக் கண்ணில் படும். ஆனால் அதில் மூன்று மெத்அக்ரிலேட் ஏறிவிட்டால் ஹைட்ராக்சிலே இல்லை. புள்ளி மேலே ஏறி உங்கள் மோனோமருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே புள்ளி, சுத்தம் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் மெத்அக்ரிலேட் ஏற்றும் முன்பே, டைஅசிட்டோன் குளுக்கோஸ் கட்டத்திலேயே தகட்டைப் பாருங்கள். கந்தக அமிலம் கலந்த எத்தனாலில் தோய்த்துச் சூடாக்கினால் சர்க்கரை எல்லாம் கருகித் தெரியும். உருகுநிலையும் எடுங்கள். 110 டிகிரி பக்கத்தில் கூர்மையாக உருக வேண்டும். இல்லையென்றால் மறுபடிகமாக்குங்கள்.

மெத்அக்ரிலேட் ஏற்றிய பிறகு என்.எம்.ஆரில் ஒரு கணக்குப் போடலாம். 6.1இல் இரட்டைப் பிணைப்பின் ஒரு ஹைட்ரஜன், 5.9இல் சர்க்கரையின் முதல் கார்பன் ஹைட்ரஜன், 1.3 முதல் 1.6 வரை அசிட்டோன் மூடிகளின் பன்னிரண்டு ஹைட்ரஜன். விகிதம் 1:1:12. முதல் எண் கூடியிருந்து, கடைசி எண் குறைந்திருந்தால் மூடி கழன்றிருக்கிறது. முதல் எண் மட்டும் கூடியிருந்தால் அன்ஹைட்ரைடோ அமிலமோ மிச்சம், மறுபடி கழுவினால் போகும்.

எவ்வளவு அசுத்தம் தாங்கும்? சங்கிலி ஒன்றுக்குச் சராசரி 1000 அலகு என்றால், ஆயிரத்தில் ஒன்று இரட்டை மெத்அக்ரிலேட் இருந்தாலே சங்கிலிக்கு ஒரு கொக்கி வந்துவிடுகிறது. ஜெல்லாக அதுவே போதும். 100 அலகு நீளத்துக்கு ராஃப்டில் ஓட்டினால் நூற்றில் ஒன்றுவரை ஓரளவு தாங்கும். ராஃப்டில் ஜெல் வராமல், சாதாரண ரேடிகல் முறையில் அதே மோனோமர் ஜெல்லாகிறது என்றால் ராஃப்டைப் பாராட்ட வேண்டாம். மோனோமர் சுத்தமில்லை என்பதற்கு அதுவே சாட்சி, கிளைச் சங்கிலிகள் உள்ளே இருக்கின்றன.

மோனோமர் உண்மையிலேயே சுத்தம், ஆனாலும் 90 சதவீதத்துக்கு மேல் மோனோமர் பாலிமராகும்போது மட்டும் ஜெல்லாகிறது என்றால், ரேடிகல் சர்க்கரையின் ஹைட்ரஜன்களைப் பிடுங்குகிறது என்று கொள்ளலாம். செறிவைக் குறையுங்கள், 70 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

நேர் வழி மோனோமரின் உச்சிகள் இடம் மாறியிருக்கின்றன

கன நீரில் எடுத்த என்.எம்.ஆரில் இரட்டைப் பிணைப்பு 5.7, 6.1இல் வர வேண்டும். உங்களுக்கு 5.4, 5.7இல் வருகிறதா? அது மெத்அக்ரிலேட் அல்ல, மெத்அக்ரிலமைடு. அமினோஎத்தில் மெத்அக்ரிலேட்டை உப்பிலிருந்து விடுவித்ததும், அதன் அமீன் சொந்த எஸ்டரையே தாக்கி, அசைல் குழுவை ஆக்சிஜனிலிருந்து நைட்ரஜனுக்கு இழுத்துக்கொள்ளும். கிடைப்பது ஹைட்ராக்சிஎத்தில் மெத்அக்ரிலமைடு. சர்க்கரை அதில் ஏறவே ஏறாது, ஆனால் பாலிமரில் மட்டும் ஒழுங்காகச் சேர்ந்துகொள்ளும். கடைசியில் சர்க்கரை குறைந்த பாலிமர், காரணம் புரியாத முழிப்பு.

தீர்வு, வரிசையில் இருக்கிறது. மெத்தனாலில் லாக்டோன் முதலில் தயாராக இருக்கட்டும், சற்று மிகையாகவே. அமீன் உப்பைத் தடுப்பானோடு சேர்த்துவிட்டு, ட்ரைஎத்தில் அமீனைக் கடைசியில், உப்புக்குச் சமமாக மட்டும் ஊற்றுங்கள். விடுபடும் அமீனுக்கு லாக்டோன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் அமினோபுரொப்பைல் மெத்அக்ரிலமைடு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அமைடு, புரள்வதற்கு எஸ்டர் இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் பின்னால் காரத்திலும் கழன்றுவிடாது. எனக்கு இதுவே பிடித்தமான வழி.

ராஃப்டில் பிங்க் நிறம் போய்விட்டது, அல்லது ஜி.பி.சி.யில் தோள் விழுகிறது

டைதயோபென்சோயேட் வகை ராஃப்ட் பொருள் இருக்கும்வரை கரைசல் பிங்க்காக இருக்கும். நிறம் வெளுத்தால் அது சிதைகிறது என்று பொருள். இரண்டு எதிரிகள்: காரம், முதனிலை அமீன். நேர் வழி மோனோமரில் ட்ரைஎத்தில் அமீன் மிச்சமிருந்தாலோ வினைபுரியாத அமினோஎத்தில் மெத்அக்ரிலேட் தங்கியிருந்தாலோ இரண்டு எதிரிகளும் உள்ளேயே இருக்கிறார்கள். அசிட்டேட் தாங்கல் கரைசலில் பி.எச். 5 வாக்கில் ஓட்டுங்கள். 70 டிகிரி, பி.எச். 8 சேர்க்கை வேண்டவே வேண்டாம்.

ஜி.பி.சி. (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) வரைபடத்தில், முக்கிய உச்சியைப் போல இரு மடங்கு எடையில் ஒரு தோள் தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். வளரும் இரண்டு சங்கிலிகள் ஒட்டி முடிந்திருக்கலாம். அல்லது முனையில் தயோல் வெளிப்பட்டு, காற்றில் டைசல்ஃபைடாகி இணைந்திருக்கலாம். பிரித்தறிய, மாதிரியில் டைதயோதிரைட்டால் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். தோள் மறைந்தால் டைசல்ஃபைடு. மறையவில்லை என்றால் துவக்கியின் அளவைக் குறைக்க வேண்டும்.

எடைப் பரவல் தொடக்கத்திலிருந்தே அகலமாக இருந்தால், ராஃப்ட் பொருளும் மோனோமரும் பொருந்தவில்லை. மெத்அக்ரிலேட்டுக்கு, வெளியேறும் குழு சயனோ கொண்ட மூன்றாம்நிலைக் கார்பனாக இருக்க வேண்டும், பென்சைல் போதாது. 6-வினைல்அடிப்போயில் குளுக்கோஸ் போன்ற வினைல் எஸ்டர்களுக்கு டைதயோபென்சோயேட்டே ஆகாது, சாந்தேட் வேண்டும்.

ஜி.பி.சி.யில் வரும் எண் கணக்கிட்ட எடையோடு ஒத்துப்போகவில்லை என்று மட்டும் கவலைப்பட்டால், அதில் பெரும்பாலும் கோளாறு இல்லை. பாலிஸ்டைரீன் தரத்தோடு சர்க்கரைப் பாலிமரை ஒப்பிட்டால் எண் பொய் சொல்லும். ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பான் இருந்தால் அதில் பாருங்கள், இல்லாவிட்டால் என்.எம்.ஆரில் முனைக்குழுவை எண்ணுங்கள்.

மூடி கழற்றிய பிறகும் தண்ணீரில் கரையவில்லை

80 சதவீத ஃபார்மிக் அமிலத்தில் அறைவெப்பத்தில் இரண்டு நாள், அல்லது ட்ரைஃபுளோரோஅசிட்டிக் அமிலமும் தண்ணீரும் 9:1இல் குறைந்த நேரம். இரண்டும் எரிகாயம் உண்டாக்கும் சரக்கு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கழன்ற பிறகு பால் போலக் கலங்கினால் என்.எம்.ஆரில் 1.3 முதல் 1.6 வரை பாருங்கள். உச்சி மிச்சமிருந்தால் 1,2 மூடி இன்னும் போகவில்லை. அதே அமிலத்தில் இன்னும் ஒரு நாள் விடுங்கள். வினையின் தொடக்கத்தில் பாலிமர் அமிலத்தில் முழுதாகக் கரைந்திருந்ததா என்பதும் முக்கியம். உருண்டையாகக் கிடந்தால் உள்ளே அமிலம் போகாது.

மூடி முழுக்கப் போயும் கலக்கம் என்றால் 8.1, 8.2 பக்கம் ஒரு சிறு உச்சி தேடுங்கள். ஃபார்மிக் அமிலம், விடுபட்ட ஹைட்ராக்சிலோடு ஃபார்மேட் எஸ்டர் ஆகியிருக்கலாம். டயாலிசிஸ் (சவ்வு வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) தண்ணீரை லேசான காரமாக, பி.எச். 8 அளவில், ஒரு சுற்று வைத்தால் அது போய்விடும். ராஃப்ட் முனை வேண்டும் என்பவர்கள் இதைச் செய்வதற்கு முன் மேலே உள்ள பகுதியை நினைவில் கொள்ளுங்கள்.

லாக்டோஸ் வகை மோனோமர்களில் அமிலத்தைக் கடுமையாக்கினால் இரண்டு சர்க்கரைகளுக்கு நடுவே உள்ள பிணைப்பே உடையும். அங்கே நேர் வழியே மேல்.

விளைச்சல் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது

தண்ணீர், அவ்வளவுதான். உறைய வைத்து உலர்த்திய பஞ்சு போன்ற பாலிமர் மூடியைத் திறந்ததும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் தராசின் எண் கண் முன்னே ஏறுவதைப் பார்க்கலாம். ஏ.டி.ஆர்.பி.யில் செய்ததென்றால் தாமிரமும் எடையில் சேரும். பச்சையோ நீலமோ சாயல் இருந்தால், தாமிரத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. கரைசலுக்கு எதிராக டயாலிசிஸ் செய்யுங்கள்.

எல்லாம் சரி, லெக்டின் மட்டும் ஒட்டவில்லை

சர்க்கரைப் பாலிமர் செய்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் சோதனை இது. குளுக்கோஸ் பாலிமர் என்றால் கான்கனவாலின்-ஏ என்ற லெக்டினை எடுப்பார்கள். கரைசலில் கலந்து கலக்கத்தைப் பார்ப்பார்கள். கலங்கவில்லை என்றதும் பாலிமரில் சர்க்கரையே இல்லையோ என்ற பயம் வந்துவிடும்.

முதலில் தாங்கல் கரைசல். இந்த லெக்டினுக்குக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும். பி.எச். 7க்கு மேல்தான் அது நான்கு அலகாக நிற்கும். கீழே போனால் இரண்டாகப் பிரிந்து, வலை பின்னும் திறன் குறையும். ஹெப்பீஸ் தாங்கல் கரைசலில் இந்த உலோகங்களைச் சேருங்கள். ஃபாஸ்ஃபேட் வேண்டாம், கால்சியம் ஃபாஸ்ஃபேட் படிந்து பொய்யான கலக்கம் தரும். கலக்கம் வந்தாலும் மெத்தில் ஆல்ஃபா மேனோசைடு மிகையாகச் சேர்த்துப் பாருங்கள். தெளிந்தால்தான் அது உண்மையான ஒட்டல்.

தாங்கல் சரியாக இருந்தும் ஒட்டவில்லை என்றால் கோளாறு வடிவமைப்பில். கான்கனவாலின்-ஏ சர்க்கரையைப் பிடிப்பது 3, 4, 6ஆம் கார்பன்களின் ஹைட்ராக்சில்கள் வழியாக. நம் பாதுகாத்த வழியில் மெத்அக்ரிலேட் ஏறியிருப்பது மூன்றாம் கார்பனில். லெக்டின் கைவைக்க வேண்டிய இடத்தில் பாலிமர் முதுகெலும்பு இருக்கிறது. என்ன செய்தாலும் நன்றாக ஒட்டாது. குளுக்கோனமைடு மோனோமரும் அப்படியே, அங்கே சர்க்கரை வளையமே திறந்துவிட்டது. ஆனால் குளுக்கோனோலாக்டோனுக்குப் பதில் லாக்டோபயோனோலாக்டோன் எடுத்திருந்தால் முனையில் முழு பீட்டா காலக்டோஸ் வளையம் நிற்கும். அதை ஆமணக்கு விதையின் லெக்டின் பிடிக்கும், கல்லீரல் செல்களின் ஏற்பியும் பிடிக்கும். 1985இல் கோபயாஷி குழுவினர் செய்த லாக்டோஸ் தாங்கிய பாலிஸ்டைரீனைக் கல்லீரல் செல் வளர்க்கும் தட்டுகளில் பூசியது இதனால்தான். ஆமணக்கு லெக்டினைச் சுத்தம் செய்த நிலையில் வாங்குங்கள், விதையிலிருந்து பிரிக்க முயல வேண்டாம். ரிசின் நஞ்சும் அதே விதையில்தான்.

கான்கனவாலின்-ஏ தான் வேண்டும் என்றால் முதல் கார்பன் வழியாகக் கட்டிய மோனோமருக்கு மாறுங்கள். அங்கேயும் ஒரு கண் வையுங்கள்: அந்த லெக்டின் ஆல்ஃபா வடிவத்தைத்தான் விரும்பும். அசிட்டைல் மூடிய குளுக்கோஸை ஹைட்ராக்சிஎத்தில் மெத்அக்ரிலேட்டோடு இணைத்தால் பக்கத்து அசிட்டைல் வழிநடத்தி பீட்டாவையே தரும். அதே வினையை மேனோஸில் செய்தால் ஆல்ஃபா கிடைக்கும், மேனோஸை அந்த லெக்டின் குளுக்கோஸைவிட இறுகப் பிடிக்கவும் செய்யும். அசிட்டைல்களை மெத்தனாலில் சோடியம் மெத்தாக்சைடால் கழற்றும்போது அளவு மிகக் குறைவாக இருக்கட்டும், கூடினால் மெத்அக்ரிலேட் எஸ்டரும் சேர்ந்து போகும்.